குறைந்த விலை ஆப்டிகல் மவுஸ் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வேலை, அலுவலக வேலை, ராத்திரி கொஞ்ச நேரம் கேம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மவுஸ் வேண்டும், 2000 ரூபாயைத் தாண்டக் கூடாது. என்னிடம் மவுஸ் பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள், இந்தப் பக்கமும் அவர்களுக்காகத்தான். விலைகள் இந்தியச் சந்தையின் தோராயமான விலைகள், தள்ளுபடி நாட்களில் இன்னும் இறங்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணுக்காக யாரும் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் ஆசை, ஏன் என்பது கீழே படித்தால் தெரியும்.

தினசரி வேலைக்கு 300 ரூபாய் மவுஸ் போதுமா?

போதும். பெயர் தெரிந்த கம்பெனியின் வயர் மவுஸாக இருந்தால் தாராளமாகப் போதும். டெல் எம்எஸ்116, லாஜிடெக் பி100 மாதிரியானவை பல ஆண்டுகளாக வங்கிகளிலும் பள்ளிகளிலும் பில் போடும் கவுன்டர்களிலும் காலையிலிருந்து இரவு வரை அடி வாங்கிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் டிபிஐ (மவுஸ் நகர்வைக் கர்சர் நகர்வாக மாற்றும் கணக்கு, கீழே விளக்குகிறேன்) 800 முதல் 1000 வரைதான். எக்செல், பிரவுசர், தமிழ் டைப்பிங், யூடியூப் என்று போகிற வேலைக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

நான் தள்ளிப்போகச் சொல்வது வேறு ரகம்: பெயரே கேள்விப்படாத, 120 அல்லது 150 ரூபாய்க்குக் கண்ணாடி டப்பாவில் தொங்குகிற மவுஸ்கள். அவற்றில் அசைவைப் படிக்கும் சென்சார் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை என்று விடலாம், ஆனால் கிளிக் ஸ்விட்சும் வயரும் மிக மட்டமாக இருக்கும். 150 ரூபாயை மிச்சப்படுத்தி ஆறு மாதத்தில் மறுபடி கடைக்கு நடப்பதில் என்ன லாபம்?

டிபிஐ அதிகம் இருந்தால் நல்ல மவுஸ்தானே? 500 ரூபாய்க்கே 6400 என்று போட்டிருக்கிறார்களே?

இல்லை. இந்த நம்பிக்கையை வைத்துத்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கம்ப்யூட்டருக்கு எத்தனை 'நகர்ந்தேன்' செய்தி அனுப்புகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். 1920 புள்ளி அகலமுள்ள சாதாரண ஃபுல் எச்டி திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 800 டிபிஐயில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கர்சர் போக மவுஸை 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 செமீ நகர்த்த வேண்டும். 1600 என்றால் 3 செமீ. 6400 என்றால் முக்கால் சென்டிமீட்டர்! முக்கால் சென்டிமீட்டரில் திரை முழுவதையும் கடக்கும் கர்சரை வைத்துக்கொண்டு ஒரு சின்ன மூடு பட்டனை அழுத்திப் பாருங்கள், எவ்வளவு சிரமம் என்று புரியும். துப்பாக்கி கேம்களைத் தொழிலாக விளையாடுகிறவர்களில் மிகப் பலர் 400, 800, 1600 என்ற அளவிலேயே நிற்கிறார்கள்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மலிவான சென்சார் உண்மையில் பார்க்கக்கூடிய நுணுக்கம் 1600 அல்லது 2400 அளவில் முடிந்துவிடும். அதற்கு மேல் காட்டும் எண், சென்சார் சொன்ன ஒரு படியை இரண்டாகவும் நான்காகவும் பெருக்கி அனுப்புவதால் வருவது. கர்சர் வேகமாக ஓடும், ஆனால் புள்ளி புள்ளியாகத் தாவித் தாவி ஓடும். துல்லியம் கொஞ்சமும் கூடியிருக்காது.

அப்படியென்றால் சென்சாரில் எதைப் பார்க்க வேண்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் பெட்டியில் எழுதியிருக்கும் பாதி வார்த்தைகள் தானாகவே விலகிவிடும்.

ஆப்டிகல் மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. எல்இடி வெளிச்சம் மேசைமேல் சாய்வாக விழுகிறது, மேசையின் மேடு பள்ளங்களும் நூலிழைகளும் நிழல் காட்டுகின்றன, கேமரா நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கிறது, பக்கத்திலுள்ள சிப் முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் ஒப்பிட்டு 'இவ்வளவு வலப்பக்கம், இவ்வளவு மேலே' என்று கணக்குப் போடுகிறது. 1999இல் மைக்ரோசாஃப்ட் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் வந்தபோது அது நொடிக்கு 1500 படம் எடுத்தது. பிற்காலத்தில் கேமிங் மவுஸ்களில் பேர்பெற்ற பிக்ஸ்ஆர்ட் கம்பெனியின் பிஎம்டபிள்யூ 3360 என்ற சென்சார் 12,000 வரை எடுக்கும். தைவானில் இருக்கும் இந்தப் பிக்ஸ்ஆர்ட்தான் இன்று விற்கும் பெரும்பாலான மவுஸ்களுக்குக் கண் கொடுக்கிறது, 300 ரூபாய் மவுஸிலும் அதன் சிப் இருக்கலாம், 10,000 ரூபாய் மவுஸிலும் இருக்கலாம்.

கையை மிக வேகமாக வீசும்போது அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கிடையே பொதுவான பகுதியே இல்லாமல் போனால் சிப்புக்கு ஒப்பிட ஒன்றும் கிடைக்காது. கர்சர் நின்றுவிடும், அல்லது கேமில் பார்வை வானத்தை நோக்கிச் சுழலும். இந்த எல்லையைத்தான் ஐபிஎஸ் என்ற எண் சொல்கிறது, நொடிக்கு எத்தனை அங்குல வேகம் வரை தடம் தவறாது என்று. அலுவலக ரக சென்சார் சுமார் 30. நல்ல நுழைவுநிலை கேமிங் சென்சார் 100 அல்லது அதற்கு மேல். பிஎம்டபிள்யூ 3360 என்றால் 250.

30 போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி கேமில் 800 டிபிஐ, சென்சிடிவிட்டி (கேமுக்குள் வைக்கும் மவுஸ் வேகம்) 1 என்று வைத்தால் ஒரு முழு வட்டம் திரும்ப மவுஸை சுமார் 52 செமீ நகர்த்த வேண்டும். எதிரி பின்னாலிருந்து சுடுகிறான், அரைவட்டம் திரும்ப வேண்டும், 26 செமீ. அதை நொடியில் ஐந்தில் ஒரு பங்கில் செய்தால் சராசரி வேகமே நொடிக்கு 130 செமீ, அதாவது 51 அங்குலம், உச்ச வேகம் அதைவிடக் கூடுதல். 30 அங்குல சென்சார் அங்கே கட்டாயம் கைவிட்டுவிடும். அதே ஆள் சென்சிடிவிட்டியை ஏற்றி முழு வட்டத்தை 20 செமீக்குள் வைத்திருந்தால் அதே திருப்பத்துக்கு சராசரி 20 அங்குல வேகம்தான், சாதாரண மவுஸே பெரும்பாலும் தாங்கிவிடும். ஆகவே கையை அகலமாக வீசி விளையாடுகிறவர்களுக்குத்தான் நல்ல சென்சார் அவசியம். மணிக்கட்டை மட்டும் அசைத்து விளையாடுகிறவர்கள் வித்தியாசத்தை உணராமலே போகலாம்.

எந்தச் சென்சார் உள்ளே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலைப் பாருங்கள். நல்ல சென்சார் போட்ட கம்பெனி அதன் எண்ணைச் சொல்லாமல் விடாது, அதுதான் அவர்களின் விற்பனைச் சரக்கே. பட்டியலில் 'கேமிங் கிரேட் சென்சார்', 'ஹை பிரிசிஷன் சென்சார்' என்று மட்டும் இருந்து, ஐபிஎஸ் எண்ணும் இல்லை, சிப் எண்ணும் இல்லை என்றால் அது அலுவலக சென்சார்தான் என்று வைத்துக்கொண்டு விலையை முடிவு செய்யுங்கள். ரேசர், லாஜிடெக் மாதிரியான சில கம்பெனிகள் சென்சாருக்குத் தங்கள் சொந்தப் பெயரை வைத்துக்கொள்வார்கள், ஆனால் மற்ற எண்களை வெளியிட்டுவிடுவார்கள், அது போதும்.

போலிங் ரேட் 1000 ஹெர்ட்ஸ் கட்டாயமா?

மவுஸ் தன் கணக்கை நொடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கிறது என்பதுதான் போலிங் ரேட். 125 என்றால் 8 மில்லி நொடிக்கு ஒரு முறை, 500 என்றால் 2, 1000 என்றால் 1.

உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு காட்சி 16.7 மில்லி நொடி நிற்கிறது, அதற்குள் 125 ஹெர்ட்ஸ் மவுஸ் இரண்டு முறை செய்தி சொல்லிவிடும், வேலைக்கு ஒரு குறையும் தெரியாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு காட்சி 6.9 மில்லி நொடிதான். இங்கே சில காட்சிகளுக்கு மவுஸிடமிருந்து புதுச் செய்தியே வந்திருக்காது, அதனால் அசைவு லேசாகத் தட்டித் தட்டிப் போவதுபோல் இருக்கும். வேகமான மானிட்டர் வாங்கிவிட்டு 125 ஹெர்ட்ஸ் மவுஸோடு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர், அவர்கள் முதலில் மாற்ற வேண்டியது மவுஸைத்தான். 500 கிடைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். 4000, 8000 என்று வருவதெல்லாம் இந்த பட்ஜெட்டில் நமக்கு வேண்டாத பேச்சு.

அண்ணா, வயர்லெஸ் வாங்கலாமா? கேம் விளையாடும்போது லேக் அடிக்கும், அதாவது தாமதமாக நகரும் என்கிறார்களே?

இரண்டு வகை வயர்லெஸை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது தம்பி. ப்ளூடூத்தில் மட்டும் இணையும் மவுஸ் கேமுக்கு ஆகாது. கம்ப்யூட்டரில் செருகும் சின்ன யூஎஸ்பி டாங்கிளோடு (சிக்னலை வாங்கும் துண்டு) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மவுஸ் வேறு. அதிலும் லாஜிடெக் எம்185 மாதிரி அலுவலக மாடல்கள் பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக மெதுவாகப் பேசும், டபுள் ஏ செல் ஒன்று, சுவர்க்கடிகாரத்தில் போடுவோமே அதுதான், ஒரு வருடம் வரை ஓடும் என்று கம்பெனியே சொல்கிறது. கேமிங்குக்கென்று செய்த லாஜிடெக் ஜி304 அதே ஒரு செல்லில் 1000 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, கம்பெனி கணக்குப்படி 250 மணி நேரம் வரும். கைக்கு வயருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதன் விலை பெரும்பாலும் 2000க்கு மேலே நிற்கும், தள்ளுபடியில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். 1000 ரூபாய்க்குள் 'கேமிங் வயர்லெஸ்' என்று வருவதை வாங்குவதைவிட அதே காசில் நல்ல வயர் மவுஸ் எடுப்பதே புத்திசாலித்தனம், ஏனென்றால் அந்தக் காசில் ரேடியோவுக்கும் பேட்டரிக்கும் போக மிஞ்சுவதில்தான் சென்சாரும் ஸ்விட்சும் வாங்கியிருப்பார்கள்.

டாங்கிளை கம்ப்யூட்டரின் பின்னால் செருகினால் கர்சர் விட்டுவிட்டு நகர்கிறது. மவுஸ் கெட்டுவிட்டதா?

மவுஸில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் ஆகியவையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும், 2012இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள், முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், முடிந்தால் ஓர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகி மவுஸ் பக்கத்திலேயே மேசைமேல் வையுங்கள். பெரும்பாலான 'லேக்' புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

டாங்கிள் தொலைந்தால் வேறு டாங்கிள் கிடைக்குமா என்றும் கேட்பார்கள். பல மலிவு மாடல்களில் அந்த மவுஸும் அந்த டாங்கிளும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்தவை, ஒன்று போனால் இன்னொன்றும் போனதுதான். பையில் எடுத்துப்போகும்போது மவுஸின் வயிற்றிலுள்ள குழியில் செருகி வையுங்கள்.

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை கிளிக் ஆகிறது. ஏன்?

மலிவு மவுஸ், விலையுயர்ந்த மவுஸ் என்ற பேதமில்லாமல் எல்லாவற்றையும் கொல்லும் நோய் இது, என்னைக் கேட்டால் சென்சாரைவிட இதற்குத்தான் அதிகக் கவனம் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே சின்ன மைக்ரோ ஸ்விட்ச் இருக்கிறது, அதற்குள் வில்போல் வளைந்த ஒரு செப்பு உலோகத் தகடு. அழுத்தும்போது தகடு தட்டிக்கொள்ளும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சில முறை துள்ளும், அந்தத் துள்ளலைப் பொருட்படுத்தாமல் இருக்க மவுஸின் சிப் சில மில்லி நொடி காத்திருக்கும். நாளாக ஆகத் தகட்டின் விறைப்பு தளர்ந்து, தொடும் முனையில் கறை ஏறி, துள்ளல் அந்தக் காத்திருப்பு நேரத்தையும் தாண்டினால் ஒரு கிளிக் இரண்டாகப் பதியும். ஃபைலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் நழுவி விழுவதும், எழுத்துகளை செலக்ட் செய்யும்போது திடீரென்று விட்டுப்போவதும் இதே நோயின் ஆரம்ப அறிகுறி.

பெட்டியில் '1 கோடி கிளிக்' என்று போட்டிருப்பார்கள். நாளைக்கு 5000 கிளிக் என்றாலும் ஐந்து வருடத்துக்கு மேல் வர வேண்டும். நடைமுறையில் பலருக்கு அதற்கு வெகு முன்பே இரட்டைக் கிளிக் வந்துவிடுகிறது, ஏனென்றால் அந்தக் கணக்கு ஆய்வகத்தில் இயந்திரம் ஒரே சீராக அழுத்திப் பார்த்தது, நம் விரலும் வியர்வையும் தூசியும் அதில் சேரவில்லை. ஓம்ரான், ஹுவானோ, கைல் என்று ஸ்விட்ச் கம்பெனியின் பெயரையாவது விவரத்தில் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒளியால் இயங்கும் ஸ்விட்சுகளில் உலோகத் தொடுமுனையே இல்லாததால் இந்த நோய் வராது, இப்போது அவை சில நடுத்தர விலை மாடல்களிலும் வருகின்றன.

வந்துவிட்டால் என்ன செய்வது? உத்தரவாதம் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். முடிந்துவிட்டது என்றால் தூக்கிப் போட வேண்டாம். ஸ்விட்ச் சில பத்து ரூபாய்தான், மூன்று கால்கள், சால்டரிங் தெரிந்த மொபைல் கடைக்காரர் யாரும் மாற்றித் தருவார். திருகு பெரும்பாலும் அடியிலுள்ள வழுக்குப் பட்டைக்கோ ஸ்டிக்கருக்கோ கீழே ஒளிந்திருக்கும். 300 ரூபாய் மவுஸுக்கு இது தேவையா என்றால் தேவையில்லை, 1500 ரூபாய் மவுஸுக்குக் கட்டாயம் செய்ய வேண்டும்.

வரைபடம் போடும் ஆட்டோகேட் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்கிறேன். எந்த மவுஸ்?

சக்கரத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆட்டோகேடில் படத்தை நகர்த்துவது சக்கரத்தை அழுத்திப் பிடித்துத்தான், பெரிதாக்குவது சிறிதாக்குவது அதைச் சுழற்றித்தான், நாள் முழுக்க நடுவிரல் அங்கேயே இருக்கும். மலிவு மவுஸ்கள் பலவற்றில் சக்கரத்தை அழுத்துவது கல்லை அழுத்துவது போல இருக்கும், அல்லது அழுத்தும்போதே ஒரு படி உருண்டு ஜூம் ஆகிவிடும். கடையில் சக்கரத்தை இருபது முறை அழுத்திப் பாருங்கள், விரல் வலித்தால் அடுத்ததைக் கேளுங்கள். சென்சார் எதுவானாலும் பரவாயில்லை, சக்கரம் இல்லாமல் உங்கள் வேலை நடக்காது.

கீழே உருட்டினால் பக்கம் மேலே துள்ளுகிறது என்ற புகாரும் சக்கரம் சார்ந்ததுதான். அச்சில் இருக்கும் என்கோடர் என்ற சின்னப் பாகத்தில் தூசியோ தேய்மானமோ. காற்றை ஊதினால் சில நாள் சரியாகும், நிரந்தரத் தீர்வு என்கோடரை மாற்றுவது.

கைக்கு எது பொருந்தும் என்று ஆன்லைனில் எப்படித் தெரியும்?

முழுதாகத் தெரியாது, ஆனால் கிட்டத்தட்ட வந்துவிடலாம். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 17 செமீக்குக் கீழ் என்றால் சின்னக் கை, 19 செமீக்கு மேல் என்றால் பெரிய கை. பிறகு நீங்கள் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கவனியுங்கள்: உள்ளங்கை முழுக்க மவுஸ்மேல் படிகிறதா, விரல்களை மடக்கி நகம்போல் பிடிக்கிறீர்களா, விரல் நுனிகள் மட்டும் தொடுகின்றனவா. உள்ளங்கையைப் படியவைப்பவர்களுக்கு முதுகு உயர்ந்த பெரிய மவுஸ், ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் மாதிரி. மற்ற இருவருக்கும் சின்னது, எடை குறைந்தது, லாஜிடெக் ஜி102 மாதிரி. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் ஒரே வடிவமுள்ள மாடலைத்தான் பார்க்க வேண்டும், டெத்ஆடர் அவர்களுக்கு ஆகாது.

எடை பற்றியும் ஒரு வார்த்தை. சில மலிவு மவுஸ்களில் 'கனமாக இருந்தால் தரம்' என்று நினைக்க வைப்பதற்காகவே உள்ளே ஓர் இரும்புத் துண்டை வைத்திருப்பார்கள். அதைக் கழற்றி எடுத்துவிட்டால் மவுஸ் ஒன்றும் கெடாது, கைக்குத்தான் நல்லது.

வீட்டில் அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே மவுஸைத் தொடுவார்கள் என்றால் நடுத்தர அளவில், இரு பக்கமும் ஒன்றாக உள்ளதை எடுப்பது நல்லது.

கண்ணாடி மேசையில் ஏன் வேலை செய்யவில்லை? அடியில் சிவப்பு விளக்கும் எரியவில்லையே?

இரண்டும் வேறு வேறு. கண்ணாடியிலும் பளபளக்கும் கிரானைட், டைல்ஸ் மேற்பரப்புகளிலும் கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள நிழல் எதுவும் கிடைக்காது. 100 ரூபாய் துணி மவுஸ்பேட் போடுங்கள். ஒரு மவுஸ்பேட் போட்ட மட்டமான மவுஸ், வெறும் கண்ணாடியில் தடுமாறும் நல்ல மவுஸைவிட ஒழுங்காக ஓடும்.

சிவப்பு விளக்கு தெரியாததற்குக் காரணம் பல மாடல்களில் இப்போது அகச்சிவப்பு எல்இடி போடுகிறார்கள், அது நம் கண்ணுக்குத் தெரியாது. கர்சர் நகர்ந்தால் விளக்கு எரிகிறது என்றுதான் பொருள்.

வாங்கியதும் என்னென்ன சோதித்துப் பார்க்க வேண்டும்?

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது.

பெயின்ட்டைத் திறந்து மிக மெதுவாகக் குறுக்குக் கோடுகள் வரையுங்கள். கோடு நடுங்கி மரம் அறுக்கும் வாள் பல்லாக வந்தால் சென்சார் மோசம். நீங்கள் வளைத்தும் கோடு மட்டும் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக வந்தால் மவுஸ் தானாகத் திருத்துகிறது, கேமுக்கும் ஓவியத்துக்கும் அது ஆகாது.

அடுத்து கேமுக்குள் போங்கள். சுவரில் ஒரு புள்ளியைக் குறிபார்த்து, மேசையில் மவுஸ் இருக்கும் இடத்தைப் புத்தகத்தின் விளிம்பால் அடையாளம் வைத்து, முடிந்த அளவு வேகமாக வலப்பக்கம் வீசி, மெதுவாக அந்த விளிம்புக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். குறி பழைய புள்ளிக்கு அருகில் வந்து நின்றால் சரி. வெகுதூரம் விலகியிருந்தால் வேகத்தில் சென்சார் தடம் விட்டிருக்கிறது, ஐபிஎஸ் பற்றி மேலே சொன்னது இதுதான். பத்து முறையாவது செய்யுங்கள்.

தூக்கும்போது எந்த உயரத்தில் கர்சர் நிற்கிறது என்பதைப் பார்க்க ஏடிஎம் கார்டுகள் போதும், ஒரு கார்டு முக்கால் மில்லிமீட்டர் தடிமன். மவுஸின் முன்னும் பின்னும் கார்டுகளை அடுக்கி, நடுவிலிருக்கும் சென்சார் ஓட்டையை மறைக்காமல் வைத்து நகர்த்துங்கள். மூன்று கார்டு உயரத்துக்கு மேலும் கர்சர் ஓடினால், மவுஸைத் தூக்கி இடம் மாற்றி வைத்து விளையாடுகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். அலுவலக வேலைக்கு இது பொருட்டே இல்லை.

கடைசியாக, அமைதியான அறையில் எல்லாப் பட்டனையும் நிறைய முறை அழுத்திக் கேளுங்கள். இடதும் வலதும் வெவ்வேறு சத்தம் போட்டால் பரவாயில்லை, அழுத்தியும் சில சமயம் பதியாமல் போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடையில் நேராக வாங்கினால் இதெல்லாம் எப்படிச் செய்வது?

ஆண்ட்ராய்டு போனும், அதில் யூஎஸ்பி மவுஸைச் செருக உதவும் ஓர் ஓடிஜி அடாப்டரும் எடுத்துப் போங்கள். மவுஸைச் செருகியதும் போன் திரையிலேயே கர்சர் வரும், நடுக்கம், கிளிக், சக்கரம் மூன்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைக்காரர்கள் பெட்டியைப் பிரித்துக் காட்டத் தயங்க மாட்டார்கள், கேட்பதுதான் முக்கியம். பெட்டிமேல் எம்ஆர்பி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அது இல்லாத பெட்டியில் பிரபல கம்பெனியின் பெயர் இருந்தால் போலி என்று சந்தேகப்படுங்கள். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள், பில் இல்லாமல் 40 ரூபாய் குறைப்பதாகச் சொன்னால் அந்த 40 ரூபாய்க்கு உங்கள் உத்தரவாதத்தை விற்கிறீர்கள்.

சரி, பெயர் சொல்லுங்கள். எதை வாங்குவது?

வேலைக்கு மட்டும் என்றால் எம்எஸ்116 அல்லது பி100. வயர் தொல்லை வேண்டாம் என்றால் எம்185.

வேலையும் கேமும் என்றால் ஜி102 கிடைக்கும்போது நான் வேறெதையும் முதலில் சொல்ல மாட்டேன். 85 கிராம், 1000 ஹெர்ட்ஸ், 200 முதல் 8000 டிபிஐ வரை, பக்கவாட்டில் இரண்டு பட்டன்கள், அமைப்புகளை மவுஸுக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும், அதனால் சாஃப்ட்வேரை ஒரு முறை திறந்து அமைத்துவிட்டு அழித்துவிடலாம். குறை என்றால் வயர், ரப்பர் மாதிரி விறைப்பாக இருக்கும், மானிட்டரின் அடியில் கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டிவைத்தால் இழுக்காது. பெரிய கைக்கு அதே விலை வட்டத்தில் டெத்ஆடர் எசென்ஷியல், 96 கிராம், 6400 டிபிஐ, 220 ஐபிஎஸ்.

காஸ்மிக் பைட், ரெட்ராகன், ஆன்ட் ஈஸ்போர்ட்ஸ், நம்ம சென்னையிலிருந்து வரும் ஜெப்ரானிக்ஸ் ஆகியவை 500 முதல் 1200 ரூபாய் வரை நிறைய மாடல்கள் விடுகின்றன. இவற்றைக் கம்பெனி பெயரை வைத்து எடைபோட முடியாது. ஒரே கம்பெனியில் ஒரு மாடலில் சென்சார் எண்ணை வெளிப்படையாகச் சொல்லி நல்ல சரக்கு போட்டிருப்பார்கள், பக்கத்து மாடலில் விளக்கு மட்டும் மின்னும். மாடல் மாடலாகப் பாருங்கள். 1000 ஹெர்ட்ஸ், 100க்கு மேல் ஐபிஎஸ், ஸ்விட்ச் பெயர், இந்த மூன்றும் எழுதியிருந்தால் 800 ரூபாய்க்கும் நம்பி எடுக்கலாம்.

ஆர்ஜிபி, அதாவது பல வண்ணத்தில் மின்னும் விளக்கு?

பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மவுஸின் வேலையில் அது எதையும் கூட்டாது, குறைக்காது. ஆனால் இரண்டு மாடல் ஒரே விலை, ஒன்றில் விளக்கு, இன்னொன்றில் விளக்கு இல்லை என்றால் விளக்கில்லாததில்தான் காசு உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

மவுஸ் புதிது, ஆனால் குறி நிலையாக வரவில்லை. விண்டோஸில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஆமாம், ஒரே ஒரு டிக். மவுஸ் செட்டிங்ஸில் அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ், அதில் பாயின்டர் ஆப்ஷன்ஸ், அங்கே 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று இருப்பதை எடுத்துவிடுங்கள். பெயரில்தான் பிரிசிஷன், உண்மையில் கையின் வேகத்துக்குத் தக்கபடி கர்சரைக் கூடுதலாகத் தள்ளுகிறது, அதனால் ஒரே தூரம் நகர்த்தினாலும் ஒவ்வொரு முறையும் கர்சர் வேறு இடத்தில் போய் நிற்கும். அதே பக்கத்தில் வேகக் கோடு நடுவில், ஆறாவது படியில் இருக்கட்டும். இப்போதைய துப்பாக்கி கேம்கள் பல விண்டோஸைத் தாண்டி மவுஸிடம் நேராகவே வாசித்துக்கொள்கின்றன, ஆனால் பழைய கேம்களுக்கும் அன்றாட வேலைக்கும் இது பெரிய வித்தியாசம் காட்டும். முதல் இரண்டு நாள் கர்சர் மந்தமாகத் தோன்றும், கை பழகிவிடும்.

பராமரிப்பு என்று ஏதாவது உண்டா?

பெரிதாக இல்லை. கர்சர் காரணமில்லாமல் நடுங்கினால் அடியிலுள்ள ஓட்டையைப் பாருங்கள், பத்தில் ஐந்து தடவை அங்கே ஒரு முடியோ நூலோ இருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைக்கலாம், நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக்கையும் லென்ஸையும் அரித்துவிடும். அடியிலுள்ள வழுக்குப் பட்டைகளில் சேரும் அழுக்கை நகத்தால் சுரண்டாமல் ஈரத்துணியால் எடுங்கள். லேப்டாப் பையில் வைக்கும்போது வயரை மவுஸைச் சுற்றி இறுக்கிச் சுற்றாதீர்கள். வயர் மவுஸ்கள் திடீரென்று செத்துப்போவதற்கு முக்கியக் காரணம் மூக்கருகே வயர் மடிந்து உள்ளே கம்பி அறுவதுதான். தளர்வாக எட்டு வடிவில் மடித்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் போதும். வயர்லெஸ் மவுஸை மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அரித்துப்போய் மவுஸே வீணாகும்.